அவருக்கு மிஞ்சிய ஸ்பானிஷ்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பதினோராவது நாள், திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில், அவர் வாயிலிருந்து முதன்முதலாகச் சொல் வந்தது. அது ஸ்பானிஷ் பாட்டு.

அதுவரை வெறும் மூச்சுச் சத்தம்தான். வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் எல்லாம் தொய்ந்துபோய்க் கிடந்தார். வயது முப்பத்தொன்பது. அன்று காலை கஞ்சி கொடுத்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சுவரில் வைத்தபடி ஒரு பல்லவியை முழுதாகப் பாடினார். குரல் குழறியது. ஆனால் ராகம் தப்பவில்லை, சொல்லும் தப்பவில்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா எழுந்து ஓடிவந்தார்.

"ஏட்டி, எம்புள்ள பேசுதான்! என்ன சொல்லுதான்?"

அந்த வார்டில் அந்த மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். பல்லவியில் ஒருவன் ஒருத்தியிடம், எனக்காகக் காத்திருக்காதே என்கிறான். அதை அத்தையிடம் எந்த வாயால் சொல்வது?

"தண்ணி கேக்காக அத்தை" என்றேன்.

அத்தை தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் குடித்தார். அதனால் நான் சொன்னது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

நான் தென்காசிக்காரி. அவர் பாவூர்சத்திரம். இடையில் அரை மணி நேர பஸ் பயணம்தான், ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டது சென்னையில். ஸ்பெயினில் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் வாங்கியவர்கள் ரிப்பேருக்குப் போன் செய்தால் எடுத்துப் பேசுகிற கம்பெனி. ஆறு மாதம் மொழிப் பயிற்சி கொடுத்துத்தான் போனில் உட்காரவைத்தார்கள். பயிற்சியில் எல்லோருக்கும் நாக்கில் உருள வேண்டிய ஓர் எழுத்து வராமல் தவித்தபோது, எங்கள் இரண்டு பேருக்கும் அது முதல் நாளே வந்தது. 'கறி', 'பறி' என்று ஊரில் அழுத்திச் சொல்லிப் பழகிய வாய். அன்று டீ குடிக்கும் இடத்தில் அவர் பக்கத்தில் வந்து, "நீங்க தென்காசிப் பக்கமா?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இப்பதான் அந்தப் பொண்ணுகிட்ட 'அங்கன வை'ன்னு சொன்னீங்க."

நாக்கு பழகுவதற்காகப் பயிற்சியில் சில பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். மற்றவர்கள் அதைப் பாடமாகக் கேட்டார்கள். இவருக்கு அது பிடித்துக்கொண்டது. கம்பெனி வேனில் காதுக்கு ஒன்றாக இயர்போனை மாட்டிக்கொண்டு தாம்பரத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் அதையே கேட்டோம். மின்சார கிடார், டிரம்ஸ், தொண்டை கிழிகிற குரல். ஆங்கிலத்தில் எத்தனையோ கேட்ட சங்கதிதான். ஆனால் இது இன்னொரு மொழியில், அந்த மொழிக்காரன் வீட்டில் சண்டை போடுகிற மாதிரி, கடன் சொல்லிக் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

அவர் அதன் கதையை எங்கெங்கோ படித்துவந்து எனக்குச் சொல்லுவார்.

"அங்கயும் மொதல்ல யாரும் நம்பல, தெரியுமா? ராக்குன்னா இங்கிலீஷ்லதான் வரும், ஸ்பானிஷ் அதுக்கு ஒட்டாதுன்னு சொன்னாங்க. இங்கிலீஷ் பாட்டையே மாத்தி மாத்திப் பாடிட்டு இருந்தானுங்க. அப்புறம் அர்ஜென்டினாவுல நாலஞ்சு பேரு காப்பிக்கடையில உக்காந்து சொந்தமா எழுத ஆரம்பிச்சானுங்க. முடிஞ்சுது கத."

மெக்சிகோவில் திறந்தவெளியில் பெருங்கூட்டம் கூடிப் பாடி ஆடிய பிறகு அரசாங்கம் மிரண்டுபோய் மேடைகளை அடைத்ததையும், அப்புறம் வருஷக்கணக்கில் பழைய கொட்டகைகளிலும் காலிக் கட்டடங்களிலும் ஒதுங்கிப் பாடியதையும் சொன்னார். ஸ்பெயினில் சர்வாதிகாரி செத்த பிறகு இளவட்டங்கள் தெருவுக்கு வந்ததைச் சொன்னார். அவருக்கு ரொம்பப் பிடித்தது அர்ஜென்டினாவின் யுத்தக் கதை. இங்கிலாந்தோடு சண்டை வந்ததும் ரேடியோவில் ஆங்கிலப் பாட்டு நின்றுபோனது. போடுவதற்கு வேறு இல்லாமல், அதுவரை ஓரத்தில் கிடந்த உள்ளூர் ராக்கை எடுத்துப் போட்டார்கள். நாடு முழுக்கக் கேட்டது. பிறகு கேசட்டுகள் எல்லை தாண்டி லிமாவுக்கும் போகோட்டாவுக்கும் போயின. ஒரு கண்டமே ஒரே பாட்டைப் பாடியது.

"வேற வழியில்லாமதான் கேட்டானுங்க. கேட்டப்புறம் விடல. நம்ம ஊருக்கும் அப்படி ஒரு வழியில்லாமப் போகணும்" என்பார்.

அவர் இதைக் கண்டுபிடித்தபோது அங்கே அது பழசாகிவிட்டிருந்தது. ஒருமுறை போனில், உதிரிபாகத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரிடம், அந்த இடைவெளியில், இன்ன குழுவின் பாட்டு உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் சிரித்தாராம். "மகனே, அது என் வாலிபம். இப்போது யார் கேட்கிறார்கள்? என் பேத்தி வேறு எதற்கோ ஆடுகிறாள்" என்றாராம். அழைப்பைப் பதிவில் கேட்ட மேலதிகாரி இவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதை மடித்து, அந்தப் பாட்டுகளுக்காகவே வாங்கிப் பழகிய கிடாரின் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் ஆயிற்று. பிள்ளை தங்கவில்லை. கொரோனா வந்து எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது பாவூர்சத்திரம் வீட்டுக்கு வந்தோம். சென்னையில் நான் அவரை நீ, வா, போ என்பேன். இங்கே அத்தை காதில் விழ அப்படிப் பேச முடியாது. வாங்க, சாப்பிடுங்க என்று மாறினேன். ஏதாவது அந்தரங்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்பானிஷில் சொல்வோம். அதில் எனக்கு அவர் மறுபடியும் 'நீ' ஆகிவிடுவார்.

வேலை முதலில் அவருக்குத்தான் போனது. அவரைக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அதை இயந்திரமே எழுத ஆரம்பித்ததும் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். மாமா இறந்தபிறகு பூட்டிக்கிடந்த காய்கறிக் கமிஷன் கடையைத் திறந்து உட்கார்ந்தார். விடியற்காலை தக்காளி, கத்தரி, வெண்டை ஏலம். மதியம் வீட்டுக்கு வந்து, சட்டையில் மல்லித்தழை வாசத்தோடு, கிடாரை எடுப்பார். அந்த ஒரு வருஷத்தில் ஏழு பாட்டு எழுதினார். எல்லாம் நம் பேச்சில். சந்தையில் கூவுவது, பஸ்ஸில் இடம் பிடிக்கச் சண்டை போடுவது, வெளிநாட்டுக்குப் போனவன் போனில் 'இருக்கேன்' என்று ஒற்றைச் சொல்லோடு வைத்துவிடுவது. ஒரு பாட்டு இப்படித் தொடங்கும்: 'எங்கன போறேன்னு கேக்காத, போறேன்.' எனக்கு இப்போதும் அது நல்ல பாட்டு என்றுதான் தோன்றுகிறது.

தென்காசியில் டைல்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் சர்ச் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். இவரைவிட நாலைந்து வயது சின்னவர். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று ஒட்டிக்கொண்டார். அவருடைய குடோனில், டைல்ஸ் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், ஞாயிறு மதியங்களில் பயிற்சி செய்தார்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் ஒரு விடுதியில் சனிக்கிழமை சாயங்காலம் பாடக் கூப்பிட்டார்கள். டிரம்ஸ்காரர் அந்த விடுதிக்கு டைல்ஸ் போட்டவர். அந்தப் பழக்கம்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த குடும்பங்கள் தலையைக்கூடத் துவட்டாமல் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் சிப்ஸ் பொட்டலம். முதல் பாட்டு தொடங்கி இரண்டு வரி போகவில்லை, முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. பக்கத்தில் இருந்தவளைத் தொட்டு, "ஏளா, நம்ம பேசுத மாதிரியே பாடுதான்" என்றாள். அவளும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. சினிமாவில் எங்கள் பேச்சு வந்தால் சிரிக்க வேண்டும் என்று பழகியிருக்கிறோம். அதே பழக்கத்தில் சிரித்தார்கள். அவர் பாடிக்கொண்டிருந்தது செத்துப்போன தகப்பனைப் பற்றி.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, நல்லாத்தான் பாடுதிய. ஏதாவது படப்பாட்டு ஒண்ணு படிங்களேன்" என்றார். இவர் கும்பிட்டுவிட்டு தன் பாட்டையே பாடினார். பாதியில் சாப்பாடு தயார் என்று மணி அடித்தார்கள். நாற்காலிகள் காலியாயின. கடைசிப் பாட்டை நானும், ஈரத்துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளும் கேட்டோம்.

திரும்பி வரும்போது வேனில் அவர், பழைய குற்றாலம் திருப்பத்தில் சொன்னார்: "அர்ஜென்டினாவுல யாரும் சிரிக்கல. மொத தடவ தன் பேச்சுல கேட்டப்ப சிரிச்சாங்கன்னு நான் எங்கயும் படிக்கல."

"சிரிச்சிருப்பாங்க. எழுதி வச்சிருக்க மாட்டாங்க" என்றேன்.

அது ஆறுதலாகத்தான் சொன்னது. அவர் முகத்தைப் பார்த்தபோது தவறு என்று தெரிந்தது. அதற்குப்பிறகு அந்த ஏழு பாட்டில் ஒன்றையும் அவர் பாடி நான் கேட்கவில்லை. கிடாரைத் தொட்டால் பழைய ஸ்பானிஷ் பாட்டுகள்தான்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. பக்கவாதம் வந்த அன்று அவர் சந்தையிலிருந்து ஒன்றரை மணிக்கு வந்தார். எனக்கு ஷிப்ட் ஒரு மணிக்கே தொடங்கிவிட்டது. ஸ்பெயினில் காலை நேரம். காதில் ஹெட்செட்டோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று வலது கையை உதறிக் காட்டினார். மரத்துப்போச்சு என்கிறார் என்று புரிந்தது. மூட்டை தூக்கியிருப்பார் என்று நினைத்தேன். சாப்பாடு மேசையில் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அத்தை அன்று ஆய்க்குடி கோயிலுக்குப் போயிருந்தார். அடுத்தடுத்து அழைப்புகள். வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்காத ஒரு பெண்ணிடம், கவலைப்படாதீர்கள், இன்றைக்கே ஆள் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறரை மணிக்கு இடைவேளை விட்டு உள்ளே போனபோது அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது.

நாலு, நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். குற்றம் சொல்கிற தொனி இல்லை. எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம் அது. நான் அதைத் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் பாட்டு வந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. தமிழில் ஒரு சொல்கூட இல்லை, 'அம்மா' கூட இல்லை. பாட்டு வரும்போதெல்லாம் அத்தை என்னைத்தான் கூப்பிடுவார்.

"இப்ப என்ன சொல்லுதான்?"

"நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்காக."

"ஆச்சுன்னு சொல்லு. நான் சாப்பிட்டேன் ராசா, நீ சாப்பிடு." அவர் கன்னத்தைத் தடவுவார். "இப்ப?"

"கடைய யாரு பாக்கான்னு கேக்காக."

பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் சொன்னதை மாற்றாமல் கேட்டு எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். அந்த வீட்டில் நாள் முழுக்கப் பொய்யாக மொழிபெயர்த்தேன். அத்தை தெம்பாகிவிட்டார். சொந்தக்காரர்களிடம், "வாயி வந்திருச்சி. அந்த ஊருப் பாஷைதான் மொதல்ல வருது. நம்ம பாஷையும் வந்திரும்" என்று சொன்னார்.

வாரம் இரண்டு நாள் தென்காசியில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். பயிற்சி தருகிற பெண் சின்ன வயசு, பொறுமைசாலி. முதல் நாளே என்னைச் சாதாரண ஸ்பானிஷில் அவரிடம் கேள்வி கேட்கச் சொன்னார். நான் எங்கள் பழைய அந்தரங்கக் குரலில், உனக்கு வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பதில் இல்லை. இதோ இந்தப் பேனாவைத் தொடு என்றேன். கை நகரவில்லை. தமிழில் கேட்டால் பாதியாவது புரிந்தது. ஸ்பானிஷில் ஒன்றும் இல்லை. இருந்தது பாட்டு மட்டும்.

"பாட்டு மூளையில வேற பக்கம் இருக்கும் அக்கா. பேச்சு போனாலும் சிலருக்கு அது நிக்கும். நூறு இருநூறு தடவ பாடுனதுன்னா தானா வரும்" என்றார். பாட்டின் வழியாகப் பேச்சைக் கொண்டுவரப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்தப் பல்லவியின் ராகத்தில் 'தண்ணி வேணும்' என்று பாட வேண்டும், இடது கையால் தொடையில் தாளம் தட்ட வேண்டும். நான் அவர் கையைப் பிடித்துத் தட்டிப் பாடினேன். அவர் ராகத்தைப் பிடித்துக்கொள்வார். சொல் வருகிற இடத்தில் ஸ்பானிஷில் அந்தக் 'காத்திருக்காதே' வந்து விழும். மூன்று மாதம் செய்தோம். ஒருமுறை 'த' என்று வந்தது. நானும் அந்தப் பெண்ணும் காத்திருந்தோம். அதற்கு மேல் வரவில்லை.

டிரம்ஸ்காரரை வரச்சொன்னேன். என் கணவர் சொந்தமாக எழுதிய பாட்டு வருகிறதா பார்ப்போமே என்று ஓர் ஆசை. டிரம்ஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு மெதுவாக வாசித்தார். "எங்கன போறேன்னு கேக்காத அண்ணாச்சி... சொல்லுங்க, போறேன்..." இவர் உதடு கூடியது. நெற்றியில் நரம்பு புடைத்தது. சத்தமே வரவில்லை. இரண்டாம் தடவை தொடங்கியதும் இடது கையை நீட்டி ஸ்டூலின் மேல் இருந்த அவருடைய விரல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நிறுத்து என்று அர்த்தம். டிரம்ஸ்காரர் வெளியே வந்து செருப்பைத் தேடுகிற மாதிரி ரொம்ப நேரம் குனிந்தே நின்றார். அடுத்த சில மாதத்தில் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

தன் மொழியில் பாடலாம் என்பதைத்தான் அந்தப் பாட்டுகளிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டார். கடைசியில் தன் மொழி போய், அந்தப் பாட்டு மட்டும் நின்றது. இதைச் சொல்லி அழ எனக்கு ஆள் இல்லை. சொன்னால் புரிகிற ஒரே ஆள் அவர்தான்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அத்தைதான் பயிற்சிக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர் பாடியதும் அத்தை பெருமையாக, "தண்ணி கேக்கான்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு என் பொய் தெரியாது. "அது பேச்சு இல்லம்மா, பாட்டு. அதுக்கும் அவர் நெனைக்கிறதுக்கும் சம்பந்தமில்ல" என்று நல்ல மனசோடு விளக்கியிருக்கிறார்.

அத்தை வந்து ஆட்டோவிலிருந்து அவரை இறக்கினார், கட்டிலில் படுக்க வைத்தார், வேட்டியைச் சரிசெய்தார். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"அப்ப எம்புள்ள எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலயா?"

போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"சாப்பிட்டியான்னுகூடக் கேக்கலயா?"

"இல்ல அத்தை."

சரி என்று போய்விட்டார். அதன் பிறகு அவர் பாடும்போது அத்தை கொல்லைக்குப் போய்விடுவார். என்னோடு பேசுவதில் குறை வைக்கவில்லை. சோறு போடுவார், துணி எடுத்துத் தருவார். ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் மறுபடி ஒருநாளும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்காக நான் ஏங்கியிருக்கிறேன்.

பிறகு வலிப்பு வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு வருமாம். அதற்குக் கொடுத்த மாத்திரையில் எந்நேரமும் அரைத்தூக்கம். பாட்டு இரண்டு நாளைக்கு ஒன்று ஆனது, வாரத்துக்கு ஒன்று ஆனது, பாதி வரியில் நின்றது. கடைசியாக எப்போது பாடினார் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. அது கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்திருப்பேன். நான் போனில் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் வேலையும் போய்விட்டது. இப்போது ஸ்பெயின்காரர்களின் அழைப்பை இயந்திரம் எடுக்கிறது. விடைபெறும் முன் அதன் குரலை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நல்ல ஸ்பானிஷ். அந்த உருளும் எழுத்து என்னைவிட நன்றாக வந்தது. நான் தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறேன். பகலில் அவரை அத்தை பார்த்துக்கொள்கிறார்.

போன மாதம் மதிய இடைவேளையில் அந்தப் பாட்டை யூடியூபில் தேடி எடுத்தேன். கேட்கவில்லை. கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். பெரும்பாலும் சாவுச் செய்திகள். என் அப்பா காரில் இதைத்தான் போடுவார், போன வருஷம் போய்விட்டார். என் அண்ணன் நினைவாக இங்கே வந்தேன். இப்படி நூற்றுக்கணக்கில். ஒரு காலத்தில் கண்டமே சேர்ந்து பாடிய பாட்டு, இப்போது துக்கம் விசாரிக்கிற வீடு மாதிரி இருந்தது. நானும் எழுதினேன். தென்னிந்தியாவில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன், என் கணவர் எல்லாச் சொல்லையும் இழந்தபோது இந்தப் பாட்டு மட்டும் இரண்டு வருஷம் அவரிடம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

மறுநாள் பார்த்தபோது யாரோ சில பேர் இதயக்குறி போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்: "அவர் உங்களிடம் கடைசியாக என்ன சொன்னார்?"

அன்று ஒன்றரை மணிக்கு வாசலில் நின்று கையை உதறிக் காட்டினார். வாயைத் திறந்து ஏதோ சொன்னார். என் காதில் ஹெட்செட் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எழுதுகிற கட்டத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் ஒரு அம்மா, வயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் எவ்வளவு குடிக்கணும் என்று கேட்டார். ஒரு லிட்டர், குடித்துவிட்டு இங்கேயே உட்காருங்க என்று சொன்னேன். போனை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.